அக்ரோசின்: சுண்டெலிக்கு வேண்டாதது, ஹாம்ஸ்டருக்கு இன்றியமையாதது. எதை நம்பி எழுதுவது?

#1 அண்டக்குழாய்

அனைவருக்கும் வணக்கம். விலங்கு இனப்பெருக்க உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் இருக்கிறேன். விந்தணு, கருமுட்டையைச் சுற்றியிருக்கும் தடித்த வெளியுறையான ஜோனா உறையை எவ்வாறு துளைத்து உள்ளே நுழைகிறது என்பதைப் பற்றி, ஆய்வேட்டின் முன்னுரைக்கு நான்கு பக்கம் எழுத வேண்டியிருந்தது. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்த வேலை மூன்றாவது வாரத்தைத் தொட்டுவிட்டது.

என் குழப்பம் இதுதான். பழைய பாடநூல்கள் எல்லாம், விந்தணுவின் தலையில் தொப்பிபோல் அமைந்திருக்கும் அக்ரோசோம் வெடித்து, அதிலிருந்து வெளிவரும் அக்ரோசின் என்ற புரதச்சிதைவு நொதி ஜோனா உறையைக் கரைத்து வழி உண்டாக்குகிறது என்று எழுதியிருக்கின்றன. ஆனால் 1994-இல் பாபாவும் அவருடைய குழுவினரும் அக்ரோசின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கியபோது, அந்த ஆண் சுண்டெலிகள் குட்டி ஈனச்செய்தன. விந்தணு உறையைக் கடப்பதில் சற்றுத் தாமதம் இருந்ததே தவிரத் தடை இல்லை. அதன்பிறகு வந்த கட்டுரைகள் பெரும்பாலும் அக்ரோசினை ஒதுக்கிவிட்டு, விந்தணுவின் வால் வீச்சே துளைப்பதற்கான முதன்மை விசை என்ற பக்கம் சாய்ந்தன. நானும் அப்படியே எழுதி முடித்தேன். பிறகுதான் 2020-இல் வெளிவந்த ஹாம்ஸ்டர் ஆய்வு கண்ணில் பட்டது. அதே மரபணுவைப் பொன்னிற ஹாம்ஸ்டரில் நீக்கியபோது ஆண்கள் முழு மலடாகிவிட்டன. அவற்றின் விந்தணுக்கள் அண்டக்குழாய் வரை நீந்திச் சென்றன, முட்டையின் உறையில் ஒட்டிக்கொண்டன, ஆனால் ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. உறையை நீக்கிவிட்டுக் கொடுத்த முட்டைகளோடு மட்டும் அவை இயல்பாக இணைந்தன.

ஒரே நொதி, இரண்டு கொறிவிலங்குகள், எதிரெதிரான விடைகள். அக்ரோசின் தேவை என்று எழுதுவதா, தேவையில்லை என்று எழுதுவதா?

#2 கிரிஸ்பர்

மரபணு நீக்கிய சுண்டெலிகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் நீங்கள் அஞ்சும் அளவுக்கு முரண்பாடு இல்லை. சுண்டெலியில் தேவையில்லை என்பது உறுதியாக நிறுவப்பட்ட முடிவு. ஹாம்ஸ்டர் ஒரு விதிவிலக்கு. விதியை முதலில் எழுதி, விதிவிலக்கை அடுத்த வரியில் குறிப்பிட்டால் போதும்.

விந்தகத்தில் மிகுதியாகச் செயல்படும் மரபணுக்கள் பற்றிய நம் எதிர்பார்ப்பே தவறாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு மரபணு விந்தகத்தில் மட்டும் செயல்படுகிறது, மனிதன் வரை மாறாமல் வந்திருக்கிறது என்றால், அது கருத்தரிப்புக்கு இன்றியமையாததாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் கருதினோம். 2016-இல் ஒரு குழு அத்தகைய 54 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சுண்டெலியில் நீக்கிப் பார்த்தது. 54 வகை ஆண்களும் குட்டி ஈனச்செய்தன. அந்த வரிசையில் அக்ரோசினை வைத்துப் பார்த்தால் வியப்பதற்கு எதுவும் இல்லை.

#3 நுண்ணோக்கி

கிரிஸ்பர் அவர்களின் "விதி", "விதிவிலக்கு" என்ற பிரிப்பை நான் ஏற்கவில்லை. எது விதி என்று எந்த அளவுகோலால் முடிவு செய்தீர்கள்? சுண்டெலியில் முதலில் செய்து பார்த்தோம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கருத்தரிப்பின் தொடக்கக் கட்டங்களைப் பொறுத்தவரை, பாலூட்டிகளுக்குள் தனிவழியில் போகும் விலங்கு சுண்டெலிதான் என்பதற்கு மூன்று சான்றுகளைச் சொல்கிறேன். முதலாவது, ஜோனா உறையின் ஆக்கம். மனிதனிலும் ஹாம்ஸ்டரிலும் பெரிய எலியிலும் அந்த உறை நான்கு கிளைக்கோபுரதங்களால் (சர்க்கரை சேர்ந்த புரதங்களால்) ஆனது; சுண்டெலியில் நான்காவது புரதத்தின் மரபணு செயலிழந்துபோனதால் மூன்று மட்டுமே இருக்கின்றன. பசுவிலும் பன்றியிலும் இழந்தது முதலாவது புரதத்தை. எனவே "உறையைத் துளைத்தல்" என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது, உண்மையில் வெவ்வேறு பொருளால் நெய்த சுவர்களைத் துளைப்பதாகும். இரண்டாவது, சென்ட்ரியோல். பெரும்பாலான பாலூட்டிகளில் கருவின் முதல் செல்பிரிவை ஒழுங்கு செய்யும் சென்ட்ரியோலை விந்தணுவே கொண்டுவருகிறது. சுண்டெலியின் விந்தணு அதைக் கொண்டுவருவதில்லை. மூன்றாவது, முட்டை முதிர எடுத்துக்கொள்ளும் நேரம். சுண்டெலியில் ஏறத்தாழ 12 மணி நேரம், பன்றியிலும் மனிதனிலும் 36 மணிக்கும் மேல்.

இடையில் ஒரு சிறு மனக்குறை. தமிழில் எழுதுகிறவர்களில் பலர் "எலி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது சுண்டெலியா, பெரிய எலியா என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்த விவாதத்தில் அந்த வேறுபாடு உயிரானது. 2017-இல் பெரிய எலியில் அக்ரோசின் நீக்கப்பட்டபோது, முட்டையைச் சூழ்ந்திருக்கும் குமுலஸ் செல்களின் அடுக்கைக் கடப்பதிலேயே விந்தணுக்கள் தாமதித்தன. ஆனாலும் குட்டிகள் பிறந்தன. ஆக, மூன்று கொறிவிலங்குகளிடம் கேட்ட ஒரே கேள்விக்கு மூன்று விதமான விடைகள் கிடைத்திருக்கின்றன.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 1997-இல் வெளிவந்த ஆய்வொன்றில், அக்ரோசின் இல்லாத சுண்டெலி விந்தணுக்களையும் இயல்பான விந்தணுக்களையும் கலந்து போட்டியிட விட்டபோது, இயல்பானவையே முந்திக்கொண்டன. தனியாக ஓடினால் எல்லைக்கோட்டைத் தொடும் குதிரை, பந்தயத்தில் தோற்றுவிடுகிறது. அதற்குக் கால் தேவையில்லை என்று இதை வைத்து முடிவுகட்டுவீர்களா?

#4 குளம்படி

கால்நடை மருத்துவத்தில் இனப்பெருக்கப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். மரபணு நீக்கம் என் துறை அன்று. ஆனால் "ஒரு விலங்கில் கிடைத்த விடை அடுத்த விலங்குக்குப் பொருந்தாது" என்பதைக் கைப்பட அனுபவித்தவன்.

காளையின் விந்தணுவை உடலுக்கு வெளியே முட்டையோடு சேர்க்க வேண்டுமானால், ஹெப்பாரின் கலந்த ஊடகத்தில் சில மணி நேரம் வைத்தால் போதும். விந்தணு திறனேற்றம், அதாவது முட்டையைக் கருவுறச்செய்யும் தகுதி, பெற்றுவிடும். 1980-களில் இது தெளிவான பின்பு, மாட்டில் ஆய்வகக் கருவூட்டல் அன்றாட வேலையாகிவிட்டது. அதே முறையைக் குதிரையில் செய்து பார்த்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கை பிசைந்தார்கள். 1990-ஐ ஒட்டி இரண்டு குட்டிகள் பிறந்தன. அதன்பிறகு அந்த வெற்றியைத் திரும்ப நிகழ்த்த முடியவில்லை. கடைசியில் குதிரை வளர்ப்புத் துறை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறைக்கு மாறிக்கொண்டது. உறை என்ற சிக்கலைத் தீர்க்காமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

2022-இல்தான் விடை வந்தது. பெனிசில்லமின், ஹைப்போடாரின், எபிநெஃப்ரின் மூன்றும் கலந்த ஊடகத்தில் குதிரை விந்தணுவை 22 மணி நேரம் வைத்திருந்த பிறகு முட்டையோடு சேர்த்தபோது கருவுறுதல் நிகழ்ந்தது. நலமான குட்டிகளும் பிறந்தன. மாட்டின் கணக்கில் பார்த்தால் 22 மணி நேரம் என்பது விந்தணு செத்துப் போகும் நேரம், ஆகவே யாரும் அவ்வளவு காத்திருக்கத் துணியவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஹைப்போடாரினும் எபிநெஃப்ரினும் ஹாம்ஸ்டர் விந்தணுவின் உயிர்த்துடிப்பைக் காப்பதற்கு 1980-களிலேயே பயன்பட்டவை. குதிரைக்கு வேண்டிய மருந்து ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்களின் அலமாரியில் நாற்பது ஆண்டு கிடந்திருக்கிறது.

#5 அண்டக்குழாய்

மூவருக்கும் நன்றி. நுண்ணோக்கி அவர்கள் சொன்ன போட்டி ஆய்வை நான் படித்திருந்தும் அதன் கனம் புரியவில்லை என்று இப்போது தெரிகிறது.

அப்படியானால் என் அடுத்த கேள்வி இது. "கருவளம் உடையது" என்று ஒரு கட்டுரை சொல்லும்போது எதை அளந்து அப்படிச் சொல்கிறார்கள்? நான் படித்த கட்டுரைகளில் அது ஒரு வரியில் வந்து ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

#6 கிரிஸ்பர்

இதற்கு நானே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒற்றை வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

வழக்கமான முறை எளிமையானது. மரபணு நீக்கிய ஓர் ஆணை இரண்டு அல்லது மூன்று இயல்பான பெண்களோடு ஒரே கூண்டில் சுமார் இரண்டு மாதம் விட்டுவைப்போம். பெண்ணின் யோனிவாயில் காலையில் காணப்படும் புணர்ச்சி அடைப்பைப் பார்த்துப் புணர்ச்சி நிகழ்ந்ததா என்று குறித்துக்கொள்வோம். பிறகு பிறக்கும் குட்டிகளை எண்ணுவோம். குட்டி எண்ணிக்கை, இயல்பான ஆணின் எண்ணிக்கையிலிருந்து புள்ளியியல்படி வேறுபடவில்லை என்றால், கருவளம் உடையது என்று எழுதிவிடுவோம்.

இந்த அளவீட்டின் குறை, அது மிகவும் தாராளமானது என்பதுதான். கூண்டில் ஒரே ஓர் ஆண். போட்டிக்கு ஆள் இல்லை. வேளாவேளைக்கு உணவும் மாறாத வெப்பமும் பத்து முறை தவறினாலும் பதினோராவது வாய்ப்பும் உண்டு. ஒரு முட்டைக்கு வேண்டியது ஒரே ஒரு விந்தணு, அனுப்பப்படுபவையோ கோடிக்கணக்கானவை. விந்தணுக்களின் திறன் பாதியாகக் குறைந்தாலும் குட்டிகளின் எண்ணிக்கையில் அது தெரியாமல் போகக்கூடும். எனவே "54 மரபணுக்கள் தேவையில்லை" என்று நான் எழுதியதை, "ஒவ்வொன்றாக நீக்கிக் கூண்டில் சோதித்தபோது கருவளம் குன்றவில்லை" என்று திருத்திக்கொள்கிறேன். ஒன்றின் வேலையை இன்னொன்று ஈடுகட்டுவதும் உண்டு. சுண்டெலி விந்தணுவில் அக்ரோசின் அல்லாத வேறு புரதச்சிதைவு நொதிகளும் இருக்கின்றன.

ஹாம்ஸ்டரில் இந்தச் சோதனை 2020 வரை ஏன் நடக்கவில்லை என்பதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஹாம்ஸ்டர் கரு மிகவும் தொட்டாற்சுருங்கி. உடலுக்கு வெளியே எடுத்தால் ஒளியைத் தாங்காது, வளர்ப்பு ஊடகத்தைத் தாங்காது, பாதியில் நின்றுவிடும். கருவை வெளியே எடுக்காமல், அது அண்டக்குழாய்க்குள் இருக்கும்போதே மரபணுத் திருத்தக் கரைசலைச் செலுத்தி மின்துடிப்புக் கொடுக்கும் முறை வந்த பிறகுதான் ஹாம்ஸ்டரின் கதவு திறந்தது. ஆக, கால் நூற்றாண்டுக்கும் மேலாக நாம் சுண்டெலியையே நம்பியிருந்ததற்கு, அதன் கரு கைப்பழக்கத்துக்கு இணங்கியது என்பதும் ஒரு காரணம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

#7 பழஞ்சுவடி

கிரிஸ்பர் அவர்களின் கடைசிப் பத்திக்கு வரலாற்றிலிருந்து ஒரு துணை. இந்தத் துறையில் எந்த விலங்கு கைக்கு இணங்கியதோ அதுவே அந்தக் காலத்தின் உண்மையைத் தீர்மானித்திருக்கிறது.

ஐம்பது அறுபது ஆண்டுகள் அந்த இடத்தில் முயல் இருந்தது. முயலுக்குக் குறித்த சினைச்சுழற்சி கிடையாது. புணர்ந்தால்தான் முட்டை வெளிப்படும், அதுவும் ஏறத்தாழ பத்து மணி நேரத்தில். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முட்டைக்குக் காத்திருக்கலாம் என்பதால் ஆய்வாளர்கள் அதை விடவில்லை. 1890-இல் வால்டர் ஹீப், அங்கோரா முயலிலிருந்து எடுத்த இரண்டு கருக்களை, ஏற்கெனவே தன் இனத்து ஆணோடு சேர்ந்திருந்த பெல்ஜியன் ஹேர் வகைப் பெண்முயலுக்குள் வைத்தார். ஆறு குட்டிகள் பிறந்தன. நான்கு வளர்ப்புத் தாயின் இனம், இரண்டு அங்கோரா. கருமாற்றத்தின் தொடக்கம் அதுதான். 1951-இல் சாங் முயலை வைத்தும், ஆஸ்டின் பெரிய எலியை வைத்தும், ஒருவரையொருவர் சாராமல் ஒரே செய்தியைக் கண்டார்கள்: வெளிவந்த கையோடு விந்தணுவால் முட்டையைக் கருவுறச்செய்ய இயலாது, பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் தங்கித் திறனேற்றம் பெற வேண்டும். அதற்கு முன் ஆய்வகக் கருவூட்டல் என்று அறிவிக்கப்பட்ட பல வெற்றிகள் அந்த ஒரு செய்தியால் ஐயத்துக்குள்ளாயின. ஐயத்துக்கு இடமில்லாமல், உடலுக்கு வெளியே கருவுற்ற முட்டையிலிருந்து குட்டி பிறக்கவைத்ததும் சாங்தான், 1959-இல், மீண்டும் முயலில்.

ஆனால் அதே முயல் ஒரு பெரிய தாமதத்துக்கும் காரணமானது. பின்கஸ் 1930-களில், சூலகத்தின் நுண்பையிலிருந்து வெளியே எடுத்த முயல் முட்டை தானாகவே சுமார் 12 மணி நேரத்தில் முதிர்வதைக் கண்டார். அது சரியான கண்டுபிடிப்பு. மனித முட்டைக்கும் அதே 12 மணி நேரம்தான் என்று 1939-இல் எழுதினார், அது பிழை. ராபர்ட் எட்வர்ட்ஸ் அந்த 12 மணி நேரக் கணக்கை நம்பி மனித முட்டைகளைப் பார்த்துப் பார்த்து, எதுவும் நிகழாததைக் கண்டு சலித்த பிறகு, நேரத்தை நீட்டிக்கொண்டே போனார். ஏறத்தாழ 36 மணி நேரம் என்று 1965-இல் வெளியிட்டார். அந்தக் கணக்குச் சரியாகாமல் 1978 சூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்திருக்க வழியில்லை.

அளவீடு சரியாக இருந்தும் விளக்கம் தவறுவது இந்தத் துறையின் பரம்பரை நோய் போலும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பல்லான்சானி தவளை விந்தை வடிகட்டிப் பார்த்தார். வடிந்த நீருக்குக் கருவுறச்செய்யும் ஆற்றல் போய்விட்டது, வடிதாளில் தங்கியதற்கு இருந்தது. அவ்வளவு தெளிவான விடையைக் கையில் வைத்துக்கொண்டும், விந்தணுக்கள் வெறும் ஒட்டுண்ணிகள் என்ற கருத்தை அவர் விடவில்லை.

#8 குளம்படி

பழஞ்சுவடி ஐயாவின் பதிவுக்கு உறைவிந்துப் பக்கத்திலிருந்து ஒன்று. கிளிசரால் விந்தணுவை உறைகுளிரில் காக்கும் என்பது 1949-இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் வெளியிட்டது. புட்டியில் ஒட்டிய சீட்டு மாறிப்போனதால் தற்செயலாகக் கிடைத்த விடை என்பது துறையில் எல்லோரும் அறிந்த கதை. அவர்கள் அதைக் கண்டது சேவலின் விந்தணுவில். ஆனால் அதன் பயனை அள்ளிக்கொண்டது காளை; 1951-லேயே உறைவிந்தில் கன்று பிறந்துவிட்டது. கோழிக்கோ கிளிசராலே கருத்தடையாக வேலை செய்கிறது, கருவூட்டுவதற்கு முன் அதைக் கழுவி நீக்கியாக வேண்டும். பன்றியின் விந்தணு குளிரையே தாங்காது. அதன் சவ்வின் கொழுப்பு அமைப்பு அப்படி. அதனால் இன்றும் பன்றியில் பெரும்பாலான செயற்கைக் கருவூட்டல், 17 டிகிரி செல்சியசை ஒட்டி வைத்திருக்கும் திரவ விந்தைக் கொண்டே நடக்கிறது.

இனி, மாணவி கேட்ட "கருவளம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் விவாதம் முழுவதும் விந்தணு முட்டைக்குள் நுழைவதோடு நின்றுவிடுகிறது. எங்கள் வேலையோ அங்கேதான் தொடங்குகிறது. பசுவில் சரியான நேரத்தில் கருவூட்டினால் உத்தேசமாகப் பத்து முட்டைகளில் ஒன்பது கருவுற்றுவிடுகின்றன. கன்றாகப் பிறப்பவை ஐந்தோ ஆறோதான். அதிகம் பால் தரும் பசுக்களில் அதைவிடக் குறைவு. காணாமற்போகும் கருக்களில் பெரும்பகுதி முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே மறைகிறது. பண்ணையாளர் கண்ணுக்குப் படுவது "சினை பிடிக்கவில்லை, திரும்பப் பருவத்துக்கு வந்துவிட்டது" என்பது மட்டுமே.

அந்த மூன்று வாரத்தில் நடக்கும் உரையாடலும் இனத்துக்கு இனம் வேறு. கரு தான் இருப்பதைத் தாய்க்கு அறிவித்தாக வேண்டும். இல்லையென்றால், முட்டை வெளிவந்த இடத்தில் சூலகத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற சுரப்பி கரைந்து, அது சுரக்கும், சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டெரோன் வீழ்ந்து, அடுத்த சுழற்சி தொடங்கிவிடும். மாட்டிலும் ஆட்டிலும் கரு இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து அறிவிக்கிறது. பன்றிக் கரு ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து அறிவிக்கிறது. குதிரைக் கரு செய்வது விந்தையானது. உருண்டையாக, கருப்பை முழுவதும் 16-ஆம் நாள் வரை உருண்டு திரிந்து தன் இருப்பைச் சொல்கிறது. அந்த நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினால் சினை நிலைப்பதில்லை. நாய்க்கோ இந்தத் தொல்லையே இல்லை. சினைப்பட்டாலும் படாவிட்டாலும் அதன் கார்ப்பஸ் லூட்டியம் ஏறத்தாழ ஒரே காலம் வாழ்கிறது.

#9 நெறியாளர்

தனிமடலில் இருவர் கேட்டதால் சொல்கிறேன்: தங்கள் வளர்ப்பு விலங்குக்கு மருத்துவ ஆலோசனை வேண்டுவோர் தனி இழை தொடங்கவும். இங்கே ஆய்வு பற்றிய உரையாடல் தொடரட்டும்.

#10 நுண்ணோக்கி

குளம்படி ஐயா சொன்னதில் மரபணுக்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. கருவுற்ற பின் மறையும் கருவை எந்த விந்துச் சோதனையும் காட்டாது. ஹோல்ஸ்டீன் என்ற கறவை மாட்டினத்தில் 1962-இல் பிறந்த சீஃப் என்ற காளைக்குப் பதினாறாயிரம் மகள்கள். அதன் விந்து தரமானது, மகள்கள் பால் மிகுந்தவை. ஆனால் அது ஏபிஏஎஃப்1 என்ற மரபணுவில் ஒரு கேடான மாற்றத்தைச் சுமந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர்ந்த கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். பல பத்தாண்டுகள் இது யாருக்கும் தெரியவில்லை. இருந்ததைத் தேடாமல் இல்லாததைத் தேடியபோதுதான் பிடிபட்டது: 2011-இல், ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபுத்தரவைப் பரப்பிவைத்து, கணக்குப்படி இருந்தே தீர வேண்டிய ஒரு வகை ஒரு மாட்டில்கூட இல்லை என்பதைக் கண்டார்கள். பின்னர் வந்த மதிப்பீடு, அந்த ஒரு மாற்றத்தால் உலகெங்கும் சுமார் 5,25,000 கருக்கள் சிதைந்திருக்கும் என்றது.

கூண்டில் குட்டிகளை எண்ணியிருந்தால் சீஃப் "கருவளம் உடையது" என்ற பட்டியலில் முதலிடத்தில் இருந்திருக்கும்.

#11 கானகம்

அருகிவரும் விலங்குகளின் இனப்பெருக்கத்தில் பணியாற்றுபவர்களுக்கு இந்த இழை வெறும் சொற்போர் அன்று. எங்கள் விலங்குகளில் சோதித்துப் பார்க்க முட்டைகளே கிடையாது. எந்த விலங்கிடமிருந்து கடன் வாங்குவது என்பதே எங்கள் முதல் முடிவு.

சிறுத்தைப்புலி அல்லாத, ஓட்டத்தில் விரைவான அந்தச் சீட்டா இருக்கிறதே, அதன் விந்தணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு உருச்சிதைந்தவை. காளையாக இருந்தால் அன்றே கழித்துக்கட்டியிருப்பார்கள். ஆனால் சீட்டா காட்டில் குட்டி போடுகிறது. பூனையினத்தில் செய்த ஆய்வகச் சோதனைகளில், உருச்சிதைந்த விந்தணுக்கள் ஜோனா உறையை அரிதாகவே கடக்கின்றன என்று தெரியவந்தது. மாணவியின் நான்கு பக்கங்களில் இதற்கு ஒரு வரி இடம் உண்டு என்று நினைக்கிறேன். உறையைத் தடை என்று மட்டும் எழுதாமல், அது சல்லடையாகவும் வேலை செய்கிறது என்று எழுதலாம்.

வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். கடைசி ஆணான சூடான் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. எஞ்சியவை நாஜின், ஃபாத்து என்ற தாயும் மகளும் மட்டுமே, இரண்டாலும் சினை சுமக்க இயலாது. அவற்றுக்கான கருக்களை உருவாக்கும் வேலையில் கைகொடுத்தது குதிரை. காண்டாமிருகமும் குதிரையும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் குளம்பு விரல்கள் உடைய விலங்குகளின் வரிசையைச் சேர்ந்தவை. குதிரையில் ஊசிமுறைக் கருவூட்டலில் தேர்ந்த ஆய்வகமே இந்தக் கருக்களையும் வளர்த்தெடுத்தது. குளம்படி ஐயா "சுற்றிக்கொண்டு போனார்கள்" என்று சற்றுக் குறைவாகச் சொன்ன அந்த ஊசிமுறைதான் இங்கே ஒரே வழியாக இருந்தது. 2024 சனவரியில், தெற்கு வெள்ளைக் காண்டாமிருகக் கருவை வளர்ப்புத் தாய்க்குள் வைத்துச் சினை நிலைத்ததை அறிவித்தார்கள். தாய் ஒரு பாக்டீரியத் தொற்றால் இறந்துவிட்டிருந்தது. உள்ளே 70 நாள் வளர்ந்த ஆண் கரு இருந்தது. துயரமான முறையில் கிடைத்த சான்று, ஆனால் காண்டாமிருகத்தில் கருமாற்றம் நிகழும் என்பதற்கு முதல் சான்று.

#12 குளம்படி

குறைவாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். உறையின் புதிரைப் பொறுத்தவரைதான் சுற்றுவழி என்றேன். காண்டாமிருகத்துக்கு அது நேர்வழி.

#13 கிரிஸ்பர்

எல்லோரும் சுண்டெலியைக் கூண்டோடு தூக்கி எறியும் மனநிலைக்கு வந்துவிட்டதுபோல் தெரிவதால், அதன் சார்பில் ஒரு வாதம்.

விந்தணு முட்டையின் சவ்வோடு இணைவதற்கு இன்றியமையாத இசுமோ1 புரதம் 2005-இல் கண்டறியப்பட்டது சுண்டெலியில். முட்டையின் பக்கத்தில் அதற்கு இணையான ஜூனோ 2014-இல் கண்டறியப்பட்டதும் சுண்டெலியில். இரண்டும் மனிதனிலும் அப்படியே நிற்கின்றன. 2024-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. இசுமோ1, ஸ்பாகா6, டிமெம்81 ஆகிய மூன்று புரதங்கள் விந்தணுவின் மேல் ஒரு கூட்டாக அமைகின்றன. அந்தக் கூட்டு வரிக்குதிரை மீனிலும் இருக்கிறது, பாலூட்டியிலும் இருக்கிறது. மீனுக்கும் சுண்டெலிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். அந்தக் கூட்டு பற்றிக்கொள்ளும் முட்டைப்புரதம் மட்டும் மாறியிருக்கிறது: மீனில் பௌன்சர், பாலூட்டியில் ஜூனோ.

ஆகவே நான் இப்படிப் பார்க்கிறேன். முட்டைக்கு வெளிக்கதவும் உண்டு, உட்கதவும் உண்டு. உட்கதவின் பூட்டில் விந்தணுவின் பக்கத்துச் சாவி நெடுங்காலமாக மாறவில்லை. அங்கே சுண்டெலி சொல்வதைப் பெருமளவு நம்பலாம். குமுலஸ் அடுக்கு, ஜோனா உறை, திறனேற்றம் ஆகிய வெளிக்கதவு வேலைகள் இனத்துக்கு இனம் மாறுகின்றன. அங்கே ஒரு விலங்கின் சொல்லை அடுத்த விலங்கின் மேல் ஏற்றக் கூடாது. நான் முதற்பதிவில் செய்த பிழை, உட்கதவில் கிடைத்த நம்பிக்கையை வெளிக்கதவுக்கும் கொண்டு போனதுதான்.

#14 நுண்ணோக்கி

இந்தப் பிரிப்பை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வெளிக்கதவு மாறுவது தற்செயலாக இருக்கத் தேவையில்லை. கருத்தரிப்புப் புரதங்கள் பலவும் மற்றப் புரதங்களைவிட விரைவாகப் பரிணமிப்பவை. விந்தணுக்களுக்குள் நடக்கும் போட்டியும், ஒன்றுக்கு மேற்பட்ட விந்தணு நுழைந்தால் கரு அழிந்துவிடும் என்ற முட்டையின் தற்காப்பும் அவற்றை இரு பக்கமும் இழுக்கின்றன. அதனால் ஜோனா உறையைப் பற்றிய எந்தக் கூற்றிலும் விலங்கின் பெயர் எழுவாயோடு சேர்ந்தே வர வேண்டும்.

#15 அண்டக்குழாய்

முன்னுரையின் அந்தப் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"அக்ரோசின் நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகள், போட்டியற்ற கூண்டுச் சோதனையில் குட்டி ஈனச்செய்தன, ஆனால் அவற்றின் விந்தணுக்கள் உறையைக் கடக்கத் தாமதித்ததோடு, இயல்பான விந்தணுக்களோடு போட்டியிட்டபோது பின்தங்கின. எலியில் குமுலஸ் அடுக்கைக் கடப்பது தாமதமாகியது. பொன்னிற ஹாம்ஸ்டரில் விந்தணு ஜோனா உறையைத் துளைக்கவே இயலவில்லை. எனவே பாலூட்டிகளில் அக்ரோசினின் பங்கு இனத்தைப் பொறுத்து மாறுகிறது."

#16 நுண்ணோக்கி

நன்றாக இருக்கிறது. கடைசி வரியில் "பாலூட்டிகளில்" என்பதை "இதுவரை சோதிக்கப்பட்ட மூன்று கொறிவிலங்குகளில்" என்று மாற்றுங்கள். பசுவிலும் பன்றியிலும் குதிரையிலும் என்ன நிகழும் என்பதை இந்த மூன்றும் சொல்லவில்லை.

#17 குளம்படி

"எலியில்" என்ற இடத்தில் "பெரிய எலியில்" என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நுண்ணோக்கி அவர்கள் மறுபடியும் வருவார்.